தலைவருக்கு மறதி நோய் என்று வீடியோ சொல்கிறது; என் அப்பாவுக்கும் இருக்குமோ?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அமெரிக்க அதிபர்களுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று மருத்துவர்களே பேசுகிற வீடியோக்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் வருகின்றன. அதில் சொல்லும் பத்து அறிகுறிகளில் நான்கு அப்பாவிடம் இருக்கின்றன. பெயர்கள் மறக்கிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், நடை தளர்ந்துவிட்டது, அரசியல் விவாதம் பார்த்தால் கத்துகிறார். டிவியை முழுச் சத்தத்தில் வைக்கிறார். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சில மாதங்களாக ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. போனில் கிடைத்த 30 மதிப்பெண் தேர்வை அவருக்கு வைத்துப் பார்த்தேன், 21தான் வந்தது. மறுநாளே ஒரு நினைவாற்றல் மையத்திலிருந்து போன். மூளை ஸ்கேன், மரபணுச் சோதனை, மூன்று மாத மருந்து எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாம். இந்த வாரமே கட்டினால் சலுகையாம். கட்டிவிடலாமா டாக்டர்?

பதில்: கட்டாதீர்கள். அப்பாவை உடனே ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போகத்தான் வேண்டும். ஆனால் அந்த மையத்துக்கு வேண்டாம், அந்த வரிசையிலும் வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்தான் (சிறுநீர், மாத்திரை, டிவி சத்தம்) எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வீடியோ எண்ணிக் கொடுத்த நான்கு அறிகுறிகளில் நடையைத் தவிர மற்றதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

முதலில் அந்த வீடியோ மருத்துவர்கள். நேரில் பார்க்காத ஒருவருக்கு, அவர் சம்மதமும் இல்லாமல், நோயின் பெயரைச் சூட்டுவது எங்கள் தொழிலில் தவறு. இந்த விதி சும்மா வரவில்லை. 1964ல் பாரி கோல்ட்வாட்டர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, ஃபேக்ட் என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, இவர் மனதளவில் அதிபராகத் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் போட்டார்கள். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். அத்தனையும் அவரைச் சோதித்துப் பார்க்காமல் சொன்னது. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1973ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தடுத்து விதி எழுதியது. இன்றும் அந்த விதி இருக்கிறது. கேமரா முன்னால் உட்கார்ந்தவுடன் சிலருக்கு அது மறந்துபோகிறது.

2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் திணறியதை உலகமே பார்த்தது. "இவர் திணறுகிறார், இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்" என்று சொல்ல வாக்களிக்கிற எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. அந்தத் திணறலுக்கு ஒரு நோயின் பெயரை ஒட்டுவது வேறு விஷயம், அதற்குச் சோதனை வேண்டும். எதிர் அணியும் இதே தப்பைச் செய்கிறது. 2018ல் டிரம்ப் 30 மதிப்பெண் தேர்வில் 30 வாங்கினார் என்று அவருடைய மருத்துவர் அறிவித்ததும், அதை அறிவாளி என்பதற்கான சான்றிதழ்போல ஆதரவாளர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மான்ட்ரியாலில் உருவான அந்தத் தேர்வு அறிவை அளப்பதற்கு வந்ததல்ல. மறதி நோய் சந்தேகம் உள்ளவர்களைச் சலித்தெடுக்கப் பத்து நிமிடத்தில் வைக்கிற முதல்கட்டச் சோதனை, அவ்வளவுதான்.

மக்கள் ஏன் வீடியோவை நம்புகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அரசு மருத்துவ அறிக்கைகள் அவ்வளவு பொய் சொல்லியிருக்கின்றன. 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் உண்மை நிலையை மனைவியும் மருத்துவரும் சேர்ந்து மறைத்தார்கள், 1921 மார்ச் வரை அவர்தான் அதிபர். பிரான்ஸ் அதிபர் மித்தரான் தன் உடல்நல அறிக்கையைத் தவறாமல் வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1981லேயே புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டும் வருடக்கணக்காகப் பொய் அறிக்கைதான் வந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி, பயணிகள் விமானம் ஓட்டுபவர் 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று வாங்க வேண்டும். நாட்டை ஓட்டுபவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தலைவரிடம் சம்பளம் வாங்காத, தலைவரால் நீக்க முடியாத ஒரு மருத்துவக் குழு இருந்தால் இந்த வீடியோக்களுக்கு வேலையே இருக்காது. அப்படி ஒரு குழு இன்னும் வரவில்லை. இது எனக்குத் தீராத ஆத்திரம்.

இப்போது உங்கள் அப்பா. அரசியல் விவாதம் பார்த்துக் கத்துவது நோய் அல்ல. அரசியல் கருத்தை நோயாக்கினால் என்ன ஆகும் என்பதை சோவியத் யூனியன் செய்து காட்டியது. அரசை எதிர்த்தவர்களுக்கு "மந்தகதி மனச்சிதைவு" என்று பெயர் சூட்டி மனநல மருத்துவமனைகளில் அடைத்தார்கள். உலக மனநல மருத்துவர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நிலை வந்தபோது, 1983ல் சோவியத் மனநல மருத்துவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். உங்கள் குடும்பக் குழுவில் யாருக்கோ பிடிக்காத கட்சியை அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவரை நோயாளி ஆக்கிவிடாதீர்கள். அவர் இருபது வருடமாகக் கத்துகிறவர் என்றால் அது அவர் சுபாவம். வாயே திறக்காதவர் ஒரு வருடத்துக்குள் மாறிவிட்டார் என்றால் மட்டும் குறித்துவையுங்கள்.

மறதி நோயைக் கண்டுபிடிக்கும் வழியே இதுதான்: முன்பு இருந்த அதே மனிதரோடு இன்றைய மனிதரை ஒப்பிடுவது. முன்பின் தெரியாத தலைவரின் ஒரு நிமிட வீடியோவில் அது நடக்காது. உங்களால் முடியும். பெயர் மறப்பது அந்த வயதில் சாதாரணம். நான் கேட்பது வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தானே செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை? பணக் கணக்கு தப்புகிறதா? தெரிந்த தெருவில் வழி தவறினாரா? மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி போடுகிறாரா? காலையில் நடந்ததை நீங்கள் எடுத்துக் கொடுத்தும் நினைவுக்கு வரவில்லையா? தேதி போட்டு எழுதுங்கள். அப்பாவோடு கூடவே இருப்பவர் எழுதிய ஒரு பக்கம் எனக்குப் பல ஸ்கேன்களைவிடப் பெரிது.

அடுத்தது மாத்திரைகள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சளிக்குக் கடையில் தானே வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மருத்துவர் மேஜையில் கொட்டிப் பரப்பச் சொல்லுங்கள். அடங்காத சிறுநீருக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் போன்றவை, சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமைன், தூக்கம் வரத் தரும் டைஃபென்ஹைட்ரமைன், அமிட்ரிப்டிலின் எல்லாம் மூளையில் நினைவுக்குத் தேவையான அசிட்டில்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. முதியவருக்கு ஒன்றே மறதியைக் கூட்டும். இரண்டு மூன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அல்ப்ரசோலம், குளோனசெபம் மாதிரியான தூக்க மாத்திரைகள் வேறு வழியில் அதே வேலையைச் செய்யும், நடையையும் தள்ளாட வைக்கும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மறதிக்கென்று தரும் டோனெபெசில் அதே அசிட்டில்கோலினைக் கூட்டுகிற மருந்து. சிலருக்கு அதனாலேயே சிறுநீர் அடங்காமல் போகும். உடனே இன்னொரு மருத்துவர் சிறுநீருக்கு மாத்திரை எழுதுவார். அது மறதியைக் கூட்டும். முதல் மருத்துவர் டோனெபெசில் அளவை ஏற்றுவார். ஒரு மருந்து இழுக்க, இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுக்க, நடுவில் கிழவர். அந்த மையம் தரும் மூன்று மாத மருந்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டோனெபெசில் என்றால் உங்கள் அப்பாவும் இந்தச் சுழலில் விழக்கூடும். பெயர் சொல்லாத மூளை டானிக் என்றால் அதைவிட மோசம். ஆனால் பயந்துபோய் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஸ்கேன் பற்றி. 76 வயதில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது சுருக்கம் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டிப் பயமுறுத்தி மருந்து விற்பதுதான் இவர்களின் தொழில். மரபணுச் சோதனையும் அப்படியே. சந்தேகத்துக்குரிய மரபணு இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது எந்த வழியும் காட்டாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் அங்கேதான் போய் நின்றது. நடைத் தளர்ச்சி, சிறுநீர் அடங்காமை, மறதி மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. மூளைக்குள் இருக்கும் நீர் சரியாக வடியாமல் அறைகள் வீங்கும் ஒரு நிலை இருக்கிறது. நீரின் அழுத்தத்தை அளந்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், பல வருடம் பிடிபடாமலும் போகலாம். 1965ல் கொலம்பியாவைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீமும் அவருடைய சகாக்களும் இதை விளக்கி எழுதினார்கள். இதில் பெரும்பாலும் முதலில் கெடுவது நடை, நினைவு பிறகுதான். அல்சைமர் என்ற மறதி நோய் வகையில் வழக்கமாக இதற்கு நேர்மாறு. நினைவு முதலில் போகும், கால் வெகுகாலம் நன்றாக இருக்கும். எனவே எது முதலில் வந்தது என்று அம்மாவிடம், அண்ணன் தம்பியிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

பிறகு அப்பாவை நடக்கவிட்டுப் பாருங்கள். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல எழும்ப மறுக்கிறதா? கால்களை அகட்டி வைத்துச் சிறுசிறு அடியாகத் தேய்த்து நடக்கிறாரா? திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்பாமல் ஐந்தாறு அடி வைத்துச் சுற்றுகிறாரா? போனில் அரை நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி இருந்தால் ஸ்கேன் வேண்டும், நரம்பியல் மருத்துவர் பார்த்து எழுதிய ஸ்கேன். அதில் அறைகள் பெருத்திருந்தால் முதுகுத் தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நடை மேம்பட்டால் குழாய் வைத்து வடிக்கும் அறுவைச் சிகிச்சையால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தவர்களில் நடைதான் நன்றாகத் திரும்பும், நினைவு அவ்வளவு திரும்பாது. தாமதித்தால் பலனும் குறையும். ஆறேழு நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் மருத்துவமனையில் யாரும் அவரை எழுந்து நடக்கச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் "டாக்டர், இவரை நடக்கவிட்டுப் பாருங்கள்" என்று கேட்க வேண்டும். ஸ்கேன் இயந்திரத்துக்குக் காசு கிடைக்கிறது, நோயாளி நடப்பதை நின்று பார்க்கும் மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. இப்படித்தான் இந்த அமைப்பு ஓடுகிறது.

நடை இப்படி இல்லாவிட்டால் மாத்திரைகளையும் ரத்தத்தையும் பாருங்கள். தைராய்டு, பி12, சோடியம், கால்சியம், சர்க்கரை, ரத்த அணுக்கள் இவையெல்லாம் எந்தப் பொது மருத்துவரும் எழுதித் தரும் சாதாரணச் சோதனைகள். அவற்றோடு காது. டிவி முழுச் சத்தத்தில் இருந்தால் காதுதான் முதல் சந்தேகம். காதில் விழாததை மூளை எப்படி நினைவில் வைக்கும்? செவித்திறன் குறைவது மறதி நோய்க்கான அபாயத்தையே கூட்டுகிறது என்பதும் இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். மனச்சோர்வும் மறதி வேடத்தில் வரும், அதையும் கேட்கச் சொல்லுங்கள்.

போனில் வந்த 21ஐ நம்பாதீர்கள். 26க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பாருங்கள் என்றுதான் அந்தத் தேர்வு சொல்கிறது. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட வேண்டும் என்று அதன் விதியிலேயே இருக்கிறது. அந்தச் செயலி அதைக் கேட்டதா? ஐந்து சொற்களைப் படித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பகுதிக்கு மட்டும் ஐந்து மதிப்பெண். காது மந்தமானவருக்குப் போன் ஒலிபெருக்கியில் அந்தச் சொற்கள் ஒழுங்காக விழுந்தனவா? உங்கள் எண்ணை வாங்கி மையத்துக்குக் கொடுப்பதுதான் அந்தச் செயலிக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால், காலையில் தெளிவாகவும் மாலையில் ஆள் தெரியாமலும் இருந்தால், அல்லது வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் அதை மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சோடியம் இறக்கம், புதிய மருந்து, தலையில் பட்ட அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவு.

அப்பாவிடம் ஒளிக்காதீர்கள். "உங்களுக்கு மறதி நோயாம்" என்று சொல்லாமல், "காதும் நடையும் சரியில்லை, பார்த்துவிடலாம்ப்பா" என்று கூப்பிடுங்கள். அதுதான் உண்மையும்கூட. குறிப்பேடு, மாத்திரைப் பை, நடை வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் பொது மருத்துவர், அவர் கடிதத்தோடு நரம்பியல் மருத்துவர். மாத்திரைகளைச் சரிசெய்து, காதுக்கு வழி செய்து, மூன்று மாதம் போனபின் அந்த 30 மதிப்பெண் தேர்வை அவர் தாய்மொழியில், பயிற்சி பெற்ற ஒருவர், சத்தமில்லாத அறையில் எதிரே உட்கார்ந்து வைக்கட்டும். அப்போது வரும் எண்ணை எனக்கு எழுதுங்கள்.