கருவாட்டுப் பார்சல் வேர்க்கிறது, வாக்யூம் மெஷின் வாங்கலாமா?

கவரிலிருந்து காற்றை உறிஞ்சி ஒட்டும் அந்த மெஷினை இப்போதைக்கு வாங்காதீர்கள். மண்டபத்திலிருந்து நீங்கள் அனுப்பும் நெத்திலிக் கருவாடு சென்னை போய்ச் சேர்வதற்குள் கசகசத்துப் பூசணம் பிடிக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பேக்கிங்கில் இல்லை, காயவைப்பதில்தான்.

இன்ஸ்டாகிராம் ஆர்டர்களைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு மாடியிலிருந்து அள்ளிக் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். கடற்கரையில் பொழுது சாய்ந்தால் கேட்கவே வேண்டாம். வெயில் இருக்கும்போதே எடுத்து, நிழலில் சூடு ஆறவிட்டு உடனே மூடுங்கள். சூட்டோடு கட்டினாலும் வேர்க்கும். (தொண்டியில் நான் ஆரம்பித்த புதிதில் கவரைத்தான் மூன்று முறை மாற்றினேன்!)

சோதித்துப் பார்க்க: ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் கவரில் போட்டு, வாயை ஒட்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காய வேண்டும். மீனை மடக்கியும் பாருங்கள். பட்டென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது.

அரைகுறையாகக் காய்ந்ததை வாக்யூம் போடுவது ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் உண்டு, வாசனையில் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 'ஸ்டாக் இல்லை' என்று ஸ்டோரி போட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் போட்ட படத்தில் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காணோமே? மெஷினுக்கு முன்னால் அதை முடியுங்கள்.