கைவேலை கேள்வி பதில்: சீர்த்தட்டு வளையமும் குச்சிக்கிழங்குப் பசையும்

கல்யாண வேலை, வீட்டு அலங்காரம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, சேலம் அம்மாப்பேட்டையில் சீர்த்தட்டும் ஆரத்தித் தட்டும் செய்து கொடுக்கும் அக்கா பதில் சொல்கிறார்.

அக்கா, வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். 21 சீர்த்தட்டு வைக்க வேண்டும். அலங்காரம் செய்து தருபவர்கள் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டிலேயே செய்ய முடியுமா?
(ஆத்தூர் வாசகி)

தாராளமாக முடியும். ஆனால் 21 தட்டையும் அலங்கரித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூச்சரம் இருக்கிற தட்டுகளை அப்படியே விடுங்கள். வாழைப்பழச் சீப்புக்கு நெட் துணி சுற்றி முத்து ஒட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மஞ்சள் குங்குமம், கற்கண்டு, வளையல், சேலை, சோப்பு பவுடர் என்று பார்வைக்கு வெறிச்சென்று இருக்கும் தட்டுகளுக்கு மட்டும்தான் வேலை. எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினொன்றுதான் வரும்.

தட்டிலேயே எதையும் ஒட்டாதீர்கள். தட்டின் விளிம்பில் உட்காருகிற மாதிரி அட்டை வளையம் செய்யுங்கள். 12 அங்குலத் தட்டு என்றால் வளையத்தின் வெளி விட்டம் 13, உள் விட்டம் 9. மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும். அட்டைக்குள் வரிவரியாக இருக்கிறதே, அந்த வரி ஒன்றில் நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் வரும்படி இரண்டு வளையத்தை வைத்து ஒட்டினால் வளையாது. அதன்மேல் பழைய பட்டு, இளம்பிள்ளை ஊரில் நெய்த சேலை எதுவானாலும் அதன் கரையை இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டி, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று கொஞ்சம் ஏறினாற்போல் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு வளையத்துக்கு இரண்டே முக்கால் மீட்டர் வரை பிடிக்கும். ஒரு சேலையின் இரண்டு கரையும் சேர்ந்தால் 11 மீட்டர், அதாவது நாலு வளையம். மூன்று சேலை இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. உடல் கிழிந்து கரை மட்டும் நன்றாக இருக்கும் சேலை எந்த வீட்டு பீரோவிலும் கிடக்கும். உங்கள் மாமியார் பீரோவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பசைக்குச் செலவே வேண்டாம். மரவள்ளியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகள் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு டப்பா டப்பாவாகப் பசை வாங்குவதா? குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, இதை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக இருப்பது சட்டென்று கண்ணாடி மாதிரி தெளியும். அப்போது இறக்கிவிடுங்கள். துணிக்குக் கெட்டியாகத்தான் தடவ வேண்டும். தண்ணீராக இருந்தால் பட்டில் கறை தெரியும், அட்டையும் ஊறும். சுற்றி முடித்த முனையை ஊசி நூலால் இரண்டு தையல் போடுங்கள். மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். சூடு வைத்து உருக்கும் பசைக் குச்சி வேகமானதுதான். ஆனால் வைகாசி வெயிலில் நிற்கிற வேனுக்குள் அது இளகி, மண்டபத்தில் இறக்கும்போது முத்து ஒரு பக்கம் சரிகை ஒரு பக்கமாகத் தொங்கும்.

ஒரு வளையத்துக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடியும். கல்யாணம் முடிந்ததும் வளையத்தை எடுத்துவிட்டுத் தட்டைச் சமையலறைக்கு அனுப்பலாம். வளையத்துக்குப் பின்னால் கண்ணாடி ஒட்டினால் மகளின் புது வீட்டுக்கு ஆயிற்று.

அப்புறம் ஒன்று. பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி விலை குறைவு, நிறமும் நன்றாக இருக்கும் என்று பூ மார்க்கெட்டில் அள்ளிக்கொண்டு வருவீர்கள். வாசல் சரத்துக்குப் போடுங்கள். பழத்தட்டிலும் இனிப்புத் தட்டிலும் வேண்டவே வேண்டாம். அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம்.

அக்கா, தாம்பூலப் பை 300 வேண்டும். துணி மாதிரியே இருக்கும் நான்வோவன் பை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, தைக்கலாமா?
(ஓமலூர் வாசகர்)

தம்பி, அது துணி மாதிரி இருக்கிறதே தவிர துணியில்லை, பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்த பிறகு அதைத் தூக்கிக் கொடுத்தால் வாங்குகிறவரே ஒரு மாதிரி பார்ப்பார்.

கணக்கு சொல்கிறேன். 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்றால் தேங்காய், வெற்றிலை, ஒரு இனிப்புப் பொட்டலம் தாராளமாகப் போகும். ஒரு பைக்கு 9க்கு 22 அங்குலத் துண்டு. அதை அடியில் மடித்துப் பக்கங்களை மட்டும் தைக்கிறோம். அடியில் தையல் இல்லாததால் தேங்காய் கனத்துக்கு விடாது. 44 அங்குல அகலத் துணியில் மீட்டருக்கு 8 பை விழும். 300க்கு 38 மீட்டர் ஆகும். வெட்டுச் சேதாரத்துக்குச் சேர்த்து 40 வாங்குங்கள். பழைய காட்டன் சேலையாக இருந்தால் ஒன்றுக்கு 48 வரும், ஆக ஏழு சேலை.

துணியில் மிச்சம் பிடித்தவர்கள் எல்லாரும் நாடாவில்தான் விடுவார்கள். இரண்டு பக்கமும் 14 அங்குலக் கைப்பிடி வைத்தால் 300 பைக்கு 213 மீட்டர் நாடா வேண்டும்! ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 16 அங்குலத்தில் ஒரே நாடா போடுங்கள். 122 மீட்டரில் முடிந்துவிடும். தோளிலும் மாட்டலாம், கையிலும் பிடிக்கலாம்.

மஞ்சள்பொடியில் முக்கி நீங்களே சாயம் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது வெயிலில் வெளுக்கும், ஈரம் பட்டால் வந்தவர் பட்டுச்சேலையில் ஏறும். மஞ்சள் துணியாகவே வாங்கிவிடுங்கள். மேலே பெயர் அச்சடிக்கவும் வேண்டாம். முற்றாத வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் துணிப் பெயின்டில் தொட்டு வைத்தால் பூ மாதிரி விழும். காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள், போகாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் 300ம் ஒரே நாளில் ஆகிவிடும். ஒன்றிரண்டு கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை பொண்ணுக்குச் சிக்கனமாக ஏலக்காய் மாலை கட்டுவது எப்படி?
(தாரமங்கலம் வாசகி)

ஏலக்காய் விற்கிற விலையில் சிக்கனமா! சம்பங்கி மாலைக்கு நடுநடுவே வெட்டிவேரைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி வையுங்கள். வாசம் வரும், பணமும் மிஞ்சும்.

அக்கா, அண்ணன் கல்யாணத்துக்கு ஐந்து ஆரத்தித் தட்டு நானே செய்கிறேன். தெர்மாகோலில் மயில் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். மயில் குழி குழியாக அரித்துவிட்டது. என்ன காரணம்?
(சூரமங்கலம், கல்லூரி மாணவி)

ஸ்ப்ரே பெயின்டில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் கண்ணு. வாடை அடிக்கிற ரப்பர் பசைகளும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் பெயின்டும் வெள்ளைப் பசையும்தான் அதற்குச் சரி. ஆனால் நான் சொல்வது, தெர்மாகோலையே விட்டுவிடு. கற்பூரம் ஏற்றுகிற தட்டில் அது எதற்கு?

உன் மயிலைத் தானியத்தில் செய்வோம். கெட்டி அட்டையைத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, பென்சிலில் மயிலை வரைந்துகொள். நடுவில் விளக்குக்கு இடம் விட்டு, விளக்கைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு வெறும் அட்டைகூட இல்லாமல் தட்டு தெரியட்டும். மேலே ஆத்தூர் அக்காவுக்குச் சொன்ன அதே கிழங்குப் பசையை ஒரு நேரத்துக்கு உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் தடவு. மொத்தமாகத் தடவினால் நீ கழுத்தை முடிப்பதற்குள் தோகை காய்ந்துவிடும். கோடு முழுக்கக் கறுப்பு உளுந்து, ஒவ்வொன்றாக, முனையோடு முனை தொட்டு. உடம்புக்குப் பச்சைப்பயறு. தோகைக் கண் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துவரம்பருப்பு, அதைச் சுற்றி நீல அரிசி.

நீலம் எங்கிருந்து என்று கேட்பாய். சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு, நீலம் இறங்கியதும் அந்தத் தண்ணீரில் பச்சரிசியைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நிழலில் காயவை. எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் ஊதா. இன்னொரு பங்கு அரிசியை மஞ்சளும் துளி சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் போட்டால் சிவப்பு. ஆரத்தி கரைக்கிறோமே, அதே சிவப்புதான். இந்தச் சிவப்பு அரிசியும் நீல அரிசியும் மட்டும் ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது, நிறம் கலங்கும்.

முதல் நாள் காலையிலேயே செய்து ஃபேன் காற்றில் காயவிடு. காரில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், டிக்கியில் போடாதே. ஜிகினா வேண்டாம், பஞ்சு வேண்டாம், கற்பூரத்துக்குப் பித்தளைக் கரண்டி தனியாக. எல்லாம் முடிந்தபின் அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தானியம் பிரிந்து வரும், அலசிக் கோழிக்குப் போடலாம். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது விஷம். இந்த வேலைக்கு அதைத் தொடவே தொடாதே.

புதுக்குடித்தனம். ஏற்காட்டில் வாடகை வீடு. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறார். ஒட்டி வைத்த காகிதப் பூ, சணல் வேலை எல்லாம் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிட்டது. செலவில்லாமல் என்ன செய்யலாம்?
(ஏற்காடு வாசகி)

உங்கள் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மேகமே வீட்டுக்குள் வரும். அங்கே காகிதம், அட்டை, சணல் மூன்றும் பூசணத்துக்கு விருந்து. நான் மற்றவர்களுக்குச் சொன்ன கிழங்குப் பசையும் உங்களுக்கு ஆகாது, அதுவே பூசணத்துக்குச் சாப்பாடு. வெள்ளைப் பசை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களைச் சுற்றியே பொருள் கிடக்கிறது. காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி ஏறியிருக்குமே, அதன் உதிர்ந்த இலையைப் புரட்டிப் பாருங்கள். சீப்பு மாதிரி பிரிந்த இலை, அடிப்பக்கம் வெள்ளி. முறியாதவற்றைப் பொறுக்கி, பழைய நாளிதழுக்குள் வைத்து மேலே அம்மிக்கல்லோ கனமான பெட்டியோ வையுங்கள். முதல் வாரம் தினமும் காகிதத்தை மாற்ற வேண்டும், ஏற்காட்டு ஈரத்துக்கு அது அவசியம். கிளிசரின் தண்ணீரில் ஊறவைத்தால் இலை வளைந்து கொடுக்கும் என்று சொல்வார்கள். இங்கே சேலத்து வெயிலுக்கு அது சரி. கிளிசரின் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், உங்கள் வீட்டில் இலை கசிந்துகொண்டே இருக்கும். அதனால் உலர்ந்த இலையே போதும். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வெள்ளிப்பக்கம் முன்னால் தெரியும்படி வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள்.

மாட்டுவதற்குக் காபிக் குச்சி. அறுவடை முடிந்து கிளை கழிக்கும் நேரத்தில் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்க வேண்டாம். பட்டையை உரித்து அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் எலும்பு வெள்ளையாக வழவழவென்று வரும். அந்தக் குச்சியை ஜன்னல் திரைக் கம்பியிலிருந்து நைலான் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணாடிகளை அதில் மேலும் கீழுமாகக் கட்டுங்கள். ஆணி தேவையில்லை. சுவரைத் தொடாமல் ஒரு அங்குலம் தள்ளியே இருக்கட்டும், பின்னால் காற்று போக வேண்டும். வீட்டுக்காரர் அதற்கும் ஏதாவது சொன்னால், அவருக்கும் ஒன்று செய்து கொடுத்துவிடுங்கள்.

நான் செய்த ஆரத்தித் தட்டைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஆர்டர் தருகிறார்கள். என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. பொருள் செலவோடு கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் போதுமா?
(கன்னங்குறிச்சி வாசகி)

போதாது. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிறதென்றால், அந்த நேரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைப் பொருள் செலவோடு கூட்டுங்கள். கடைவீதிக்குப் போய்வந்த பஸ் செலவையும் சேருங்கள். அதுதான் விலை. சொந்தக்காரர்களுக்குக் குறைக்க வேண்டுமென்றால் விலையை முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு குறையுங்கள். முதலிலேயே குறைத்துச் சொன்னால் அதிலிருந்தும் கேட்பார்கள்.

பாதித் தொகை முன்பணம் வாங்காமல் பொருள் வாங்கப் போகாதீர்கள். தட்டு உங்களுடையது என்றால் தட்டுக்குத் தனியாக டெபாசிட் வாங்கி, தட்டின் அடியில் பெயின்டில் உங்கள் அடையாளம் ஒன்று போட்டு வையுங்கள். கல்யாண வீட்டில் தட்டுகள் எந்தக் காரில் ஏறிப் போகும் என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. முகூர்த்த நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் ‘இன்னும் இரண்டு தட்டு சேர்த்துக்கோ’ என்று போன் வரும். அதற்கு ஒன்றரை மடங்கு விலை என்று ஆர்டர் எடுக்கும்போதே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.