எலும்பில் பதிந்த கீறல்: தொல்மாந்தரிடையே நரமாமிசம் குறித்த கேள்வி பதில்

தொல்மாந்தர் மனித உடலை உண்டார்களா, அதை எலும்புகளிலிருந்து எவ்வாறு அறிகிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளில், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பில் ஒரு கீறலைக் கண்டதும், அது கற்கருவியால் விழுந்தது என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்?

பதில்: கீறலின் வடிவத்தையும் அது இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தே சொல்கிறார்கள். கூரிய கல் சில்லு பச்சை எலும்பில் உரசினால் 'வி' வடிவத்தில் பள்ளம் விழும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பள்ளத்தின் உட்சுவரில் இழை இழையாக இணைகோடுகள் தெரியும். விலங்கின் பல் பதிந்த தடம் அகன்றும் அடிப்பகுதி உருண்டும் இருக்கும். மணலில் கிடக்கும் எலும்பை விலங்குகள் மிதித்தாலும் கீறல் விழத்தான் செய்யும், ஆனால் அவை ஆழமின்றித் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். சதையை அறுத்தவரின் கையோ தசை எலும்பைப் பற்றும் இடத்துக்கும், மூட்டை நார் கட்டியிருக்கும் இடத்துக்கும் தேடிச் சென்றிருக்கும். கீறலின் உருவத்தைவிட அது அமைந்த இடமே எனக்கு வலுவான சாட்சியாகத் தோன்றுகிறது.

கேள்வி (இறைச்சிக்கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர்): நல்லி எலும்பு எப்படி உடையும் என்பதைத் தினமும் பார்ப்பவன் நான். கழுதைப்புலி கடித்து உடைத்ததை மனிதர் உடைத்ததாகத் தவறாக எண்ணியிருக்க முடியாதா?

பதில்: முடியும், அப்படி நடந்தும் இருக்கிறது. 1939இல் உரோம் நகருக்குத் தெற்கேயுள்ள குவாத்தாரிக் குகையில், அழிந்துபோன தொல்மாந்த இனமான நியாண்டர்தாலின் மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதன் அடிப்பகுதித் துளை பெரிதாக உடைக்கப்பட்டிருந்ததையும், சுற்றிலும் கற்கள் கிடந்ததையும் கண்ட ஆய்வாளர் பிளாங்க், மூளையை எடுத்து உண்ட சடங்கின் மிச்சம் அது என்று முடிவு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கருத்து பாடநூல்களில் நிலைத்திருந்தது. பிறகு மறுஆய்வு செய்தவர்களுக்கு அந்த மண்டையோட்டில் ஒரு வெட்டுத்தடம்கூடக் கிடைக்கவில்லை. குகை முழுவதும் கழுதைப்புலிகள் வாழ்ந்த அடையாளங்களே இருந்தன. 2021இல் அதே குகையிலிருந்து மேலும் ஒன்பது நியாண்டர்தால் மனிதரின் எச்சங்கள் அறிவிக்கப்பட்டபோதும், அவற்றுள் பெரும்பாலானவை கழுதைப்புலிகளால் இழுத்துவரப்பட்டவை என்றே கருதப்பட்டது.

நீங்கள் தினமும் காணும் அதே வேறுபாட்டைத்தான் ஆய்வாளர்களும் தேடுகிறார்கள். பச்சை எலும்பைக் கல்லால் அடித்தால் அடி விழுந்த இடத்தில் குழியும், அதிலிருந்து சுருளாகச் செல்லும் வழவழப்பான முறிவும் உண்டாகும். கடித்து உடைக்கும் விலங்கு முனைகளிலிருந்து மென்று வருவதால் எலும்பின் இரு நுனிகளும் காணாமற்போகும். காய்ந்து நாளான எலும்பு சொரசொரப்பாகக் குறுக்கே முறியும்.

கேள்வி (பல் மருத்துவர்): இவ்வகைச் சான்றுகளில் மிகப் பழையது எது?

பதில்: வட கென்யாவில் கிடைத்த, சுமார் 14.5 லட்சம் ஆண்டுப் பழமையான கணைக்கால் எலும்பு ஒன்றைச் சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு: அதன் தடங்களை, நீங்கள் பல்லின் அச்செடுக்கப் பயன்படுத்தும் பொருளைக் கொண்டே அச்செடுத்து, முப்பரிமாணத்தில் அளந்து, 898 மாதிரித் தடங்களோடு ஒப்பிட்டார்கள் தொல்மானிடவியலாளர் பிரையனா பொபினர் குழுவினர். 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி பதினொரு தடங்களில் ஒன்பது கற்கருவியால் விழுந்தவை; இரண்டு சிங்கம் போன்ற பெரும்பூனை ஒன்றின் கடி. ஆனாலும் இதை நரமாமிசம் என்று அழைக்க நான் தயங்குகிறேன். அறுத்தவரும் அறுக்கப்பட்டவரும் ஒரே இனத்தவர் என்றால்தான் அந்தச் சொல் பொருந்தும். அக்காலத்தில் அப்பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட மனித இனங்கள் வாழ்ந்தன. இந்த எலும்பு எந்த இனத்தினுடையது என்பதே உறுதிப்படவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): இறந்தவரின் சதையை நீக்கி எலும்பை மட்டும் பாதுகாக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததே. வெட்டுத்தடம் இருந்தாலே உண்டார்கள் என்று பொருளாகுமா?

பதில்: ஆகாது, ஐயா. இந்தத் துறையின் நடுநாயகமான கேள்வி இதுதான். நம் முதுமக்கள் தாழிகள் சிலவற்றிலும், உடலை வேறிடத்தில் விட்டு எலும்புகளை மட்டும் பின்னர் திரட்டி வைத்த இரண்டாம் நிலைப் புதைப்பைக் காண்கிறோம். குரோவேசியாவின் கிராபினாவில் 1899 முதல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளை, உண்டு எறிந்தவை என்று அவற்றைத் தோண்டியெடுத்த கோர்யானோவிச்-கிராம்பெர்கர் சொன்னார். அதே கீறல்களைப் பிற்காலத்தவர் சிலர், புதைப்பதற்காக எலும்பைத் துப்புரவு செய்த தடங்கள் என்று படித்தார்கள். ஜெர்மனியின் ஹெர்க்ஸ்ஹைமில் ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் உடைத்துப் போடப்பட்ட நூற்றுக்கணக்கானோரின் எலும்புகளைப் பற்றியும் இதே வழக்கு இன்றுவரை நடக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவுவது ஒப்பீடு. பிரான்சின் மூலா-கெர்சி குகையில் ஆறு நியாண்டர்தால் மனிதரின் எலும்புகள், செம்மான் எலும்புகளோடு ஒரே மண்ணடுக்கில் கலந்து கிடந்தன. 1999இல் வெளியான ஆய்வு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது: அதே வகைக் கருவி, அதே வகை அறுப்பு, மஜ்ஜைக்காக அதே உடைப்பு, எஞ்சியவை எறியப்பட்ட விதமும் அதுவே. மானை உண்டார்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை; அப்படியிருக்க, அதே கையால் அதே முறையில் கையாளப்பட்ட மனித எலும்புக்கு மட்டும் வேறு விளக்கம் தேடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். எலும்பைத் துப்புரவு செய்து போற்ற எண்ணியவர் மஜ்ஜைக்காக அதை உடைக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் பசிக்காக மனிதர் மனிதரை வேட்டையாடினார்களா?

பதில்: வழக்கமான உணவாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. தொல்லியலாளர் ஜேம்ஸ் கோல் 2017இல் போட்ட கணக்குப்படி, ஒரு வளர்ந்த ஆணின் தசையிலிருந்து சுமார் 32,000 கலோரி கிடைக்கும். குதிரையிலிருந்து 2 லட்சம். மாமூத் யானையிலிருந்து 36 லட்சம். திருப்பித் தாக்கத் தெரிந்த, கூட்டமாக வாழும் ஓர் உயிரை இவ்வளவு சிறிய பயனுக்காகத் தேடிப்போவது இலாபமற்றது. பஞ்ச காலத்தில் இயற்கையாக இறந்தவரை உண்பது வேறு, அதை இந்தக் கணக்கு மறுக்காது. மூலா-கெர்சியை அப்படித்தான் சிலர் விளக்குகிறார்கள்.

கேள்வி: உண்டதற்கே நேரடிச் சான்று எங்காவது உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது பனியுகத்தைச் சேர்ந்தது அன்று. அமெரிக்காவின் கொலராடோவில் கௌபாய் வாஷ் என்னுமிடத்தில், கி.பி. 1150ஐ ஒட்டிக் கைவிடப்பட்ட குடியிருப்பின் அடுப்பில் உலர்ந்த மனித மலம் கிடைத்தது. அதில் மனித மையோகுளோபின் இருந்ததாக 2000இல் அறிவித்தார்கள். எலும்புத் தசையிலும் இதயத் தசையிலும் இருக்கும் இந்தப் புரதம் குடலின் தசையில் இராது. ஆகவே அது வாய்வழியே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்தின் கோஃப் குகையில் மண்டையோட்டையே கிண்ணமாக்கினார்களாமே. அது கொடூரமா, வழிபாடா?

பதில்: சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் குகையில், முகத்தையும் அடிப்பகுதியையும் நீக்கி விளிம்பைப் பொறுமையாகக் கொத்திச் சீராக்கிய மூன்று மண்டையோட்டுக் கிண்ணங்கள் கிடைத்தன, ஒன்று ஏறத்தாழ மூன்று வயதுக் குழந்தையினுடையது. விலா எலும்புகளில் மனிதப் பல்லின் தடங்களும் உள்ளன. உண்டார்கள் என்பதில் ஐயம் இல்லை. பகைவரையா, தம் சொந்தங்களையா என்பதை எலும்பு சொல்லாது. 'கொடூரம்' என்னும் சொல்லை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அங்கே கிடைத்த ஒரு முன்கை எலும்பு. சதையை அறுத்து நீக்கிய பின்னர், அதன்மேல் ஒருவர் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளைக் கவனமாகச் செதுக்கியிருக்கிறார். மஜ்ஜைக்காக எலும்பை உடைத்தது அதற்குப் பிறகுதான் என்பதைச் சில்வியா பெல்லோ குழுவினர் 2017இல் நுண்ணோக்கி வழியே காட்டினார்கள். உண்பதற்காக மட்டுமே அறுத்தவர்களுக்கு, இடையில் நிறுத்திச் செதுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.