காற்று ஏன் தாழ்வழுத்தத்தை நோக்கி நேராக ஓடுவதில்லை?

கேள்வி: உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தாழ்வழுத்தப் பகுதிக்குக் காற்று வீசும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால், வட அட்லாண்டிக் கடலின் வானிலை வரைபடத்தில் காற்றைக் குறிக்கும் அம்புகள், ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோடுகளை வெட்டாமல் அவற்றை ஒட்டியே செல்கின்றனவே. படித்தது தவறா?

பதில்: தவறில்லை, பாதியில் நின்றுவிட்ட பாடம். அழுத்த வேறுபாடு காற்றைத் தாழ்வை நோக்கித் தள்ளுவது உண்மைதான். ஆனால், காற்று நகரத் தொடங்கியதும், சுழலும் பூமியின் மேல் இருந்து பார்க்கும் நமக்கு, அது வட அரைக்கோளத்தில் வலப்புறமாக விலகுவதாகத் தெரிகிறது. கொரியோலிஸ் விசை என்று நாம் சொல்வது இதைத்தான். (1835இல் இதைக் கணக்கிட்ட கொரியோலிஸ் ஆராய்ந்துகொண்டிருந்தது காற்றை அல்ல, சுழலும் இயந்திரங்களை.) வேகம் கூடக்கூட இந்த விசையும் கூடும்; இறுதியில் அழுத்தம் ஒரு பக்கம் இழுக்க, கொரியோலிஸ் விசை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவில் இழுக்க, காற்று இரண்டுக்கும் குறுக்காக, சமஅழுத்தக் கோட்டின் வழியே ஓடும். இதற்கு ஜியோஸ்ட்ராபிக் சமநிலை என்று பெயர்.

நீங்கள் பார்த்த வரைபடத்தில் வடக்கே ஐஸ்லாந்துத் தீவருகே ஒரு தாழ்வழுத்தமும் (ஐஸ்லாந்துத் தாழ்வு) தெற்கே அசோர்ஸ் தீவுகளருகே ஓர் உயர் அழுத்தமும் (அசோர்ஸ் உயர்வு) இருந்திருக்கும். நடுவில் காற்று தெற்கிலிருந்து வடக்கே பாயாமல் மேற்கிலிருந்து கிழக்கே செல்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்று 1857இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட் வகுத்த விதியும் இதுவே. காற்று நேராகத் தாழ்வுக்குள் பாய்ந்திருந்தால் அந்தத் தாழ்வு சில மணி நேரத்தில் நிரம்பி மறைந்துவிடும். அது பல நாள் நீடிப்பதே இந்தச் சமநிலையால்தான். ஆயினும் தரையை ஒட்டிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் வரை உராய்வு காற்றின் வேகத்தைக் குறைத்து, கொரியோலிஸ் விசையையும் தளர்த்திவிடுவதால், அங்கே காற்று கோடுகளைச் சற்றே வெட்டித் தாழ்வுக்குள் நுழைகிறது. பள்ளிப் பாடம் அந்த அளவுக்கு மெய்யாகிறது.

கடலிலும் இதே கதைதான், எனக்கு அது இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் வலப்பக்கக் கடல்மட்டம் இடப்பக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் சரிவு என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது; ஆனால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேக நீரோட்டத்தைத் தாங்க அது போதும். தண்ணீர் அந்தச் சரிவில் இறங்காமல் அதற்குக் குறுக்கே ஓடுகிறது. இதனால்தான், 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் போன்ற செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தை மட்டும் அளந்து, நீரோட்டங்களைக் கணிக்க உதவின.

நம் பக்கத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. கொரியோலிஸ் விசை அட்சரேகையைப் பொறுத்தது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிபார் அழுத்த வேறுபாடு இருந்தால், 45 பாகை அட்சரேகையில் வினாடிக்கு எட்டு மீட்டர் காற்று போதும். 13 பாகையிலுள்ள சென்னையில் அதே வேறுபாட்டைச் சமன்செய்ய 25 மீட்டர் வேண்டும். நிலநடுக்கோட்டில் இந்த விசையே கிடையாது. தாழ்வு உருவானாலும் காற்று உள்ளே புகுந்து நிரப்பிவிடும். அக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல்கள் மிக அரிதாகவே உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம். உருவான புயலின் மையத்தருகே காற்று வளைந்து விரைவதால் மையவிலக்கு விசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த எளிய சமநிலை மட்டும் அங்கே போதாது.

கேள்வி: அப்படியானால் கைகழுவும் தொட்டியில் நீர் சுழல்வதும் இதனால்தானா?

பதில்: இல்லை. வினாடிக்குப் பத்து மீட்டர் காற்றில்கூட இந்த விசை புவியீர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது வேலை செய்யப் பல மணி நேரம் வேண்டும். உங்கள் தொட்டி ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். அங்கே சுழலின் திசையைத் தீர்மானிப்பது தொட்டியின் வடிவமும், நீங்கள் குழாயைத் திறந்தபோது நீர் விழுந்த விதமும்தான்.