இடக்கை மகனின் பந்து குறி தவறினால்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மூன்றாம் படிவத்தில் படிக்கும் உங்கள் மகன் இடக்கையால் நல்ல வேகத்தில் பந்தெறிந்தாலும் குறி நிற்பதில்லை என்பதால், பேஸ்பாலை விட்டுவிடச் சொல்லலாமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்போது விடச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் பந்து எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். எப்போதும் உயரமாகவோ எப்போதும் ஒரே பக்கமாகவோ விலகினால், கை ஒரே அசைவைத்தான் திரும்பச் செய்கிறது. பந்தை விடும் தருணத்தையோ முன்கால் ஊன்றும் இடத்தையோ திருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு பந்து தலைக்கு மேலும் அடுத்தது தரையிலும் போனால் அசைவே இன்னும் படியவில்லை என்று பொருள். கைகால் வேகமாக நீளும் வயதில் இது இயல்பு.

அதைவிட முக்கியமானது, எறிந்து பழக அவனுக்கு எவ்வளவு வாய்ப்புக் கிடைக்கிறது என்பது. அமெரிக்காவின் இடக்கைப் பிட்சரான (மட்டையாளருக்குப் பந்தெறிபவர்) சாண்டி கோஃபாக்ஸ் 1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தபோது, பெரும் ஊக்கத்தொகை பெற்ற இளைஞரை இரண்டு ஆண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற அக்கால விதியால், கீழ்நிலை லீக்கில் பழக வழியின்றிப் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். 1958இல் ஏறத்தாழ 159 இன்னிங்ஸில் 105 பேருக்கு 'வாக்' (குறி தவறிய நான்கு பந்துகளால் மட்டையாளர் இலவசமாக முதல் தளத்துக்குப் போவது) கொடுத்தவர், 1963இல் 311 இன்னிங்ஸில் 58 பேருக்கு மட்டுமே கொடுத்தார். ராண்டி ஜான்சனும் 1990 முதல் 1992 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக 'வாக்' கொடுத்து, பிறகு ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஐந்து முறை பெற்ற இடக்கையர். இவர்களுடைய அபூர்வ வேகத்துக்காக அணிகள் காத்திருந்தன. குறி கடைசிவரை கைகூடாமல் போனவர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே உங்கள் மகனும் அப்படி வருவான் என்று நான் சொல்லவில்லை. எப்போதாவது ஓர் ஆட்டம் கிடைக்கும் பையனை இப்போதே எடைபோட்டு ஒதுக்குவது நியாயமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஓராண்டு ஒழுங்காக எறியட்டும், ஆனால் அளவோடு. இளம் பிட்சர்களின் கையைக் காக்க அமெரிக்காவில் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 15, 16 வயதினர் ஒரே நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 76ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும். முழங்கை வலிக்கிறது என்று சொன்னால், போட்டி எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் மலேசியாவில் தொழில்முறை பேஸ்பால் லீக் இல்லை என்பதால், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கான படிப்பை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. பள்ளியில் வசதி இருந்தால் நான்காம் படிவத்தில் விளையாட்டு அறிவியல் பாடத்தை எடுக்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுநர் கல்விக்கும் தனிப் புலமே இருக்கிறது. தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், அந்தத் தனியார் பயிற்றுநர் உங்கள் மகன் எறிவதை நேரில் பார்த்து, எந்த அசைவை எப்படித் திருத்துவார் என்று உங்களுக்குப் புரியும்படி விளக்கிய பிறகே கட்டுங்கள்.