மத்திய ஆசிய மரபையும் பிரெஞ்சுக் கைவினையையும் கலந்து செய்ததாகச் சொல்லும் பெர்ஃப்யூமுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?

விளம்பரம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குதிரை, புல்வெளி, யர்ட் கூடாரம், கடைசியில் பிரான்ஸ் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். நான் பெர்ஃப்யூம் நிபுணன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்தவன். அந்த மரபு எப்படி மணக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஓஷ் பஜாரில் பெண்கள் அர்ச்சா என்கிற ஜூனிபர் தழையைத் தகர டப்பாவில் புகையவிட்டு, கடை கடையாகக் காட்டிவிட்டுச் சில்லறை வாங்கிப் போவார்கள். நம்மூர்க் கடைவீதியில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர் வருவாரே, அதே வேலைதான். புகை மட்டும் பிசின் நெடியோடு கொஞ்சம் காரமாக இருக்கும். ஆட்டிறைச்சிக் கொழுப்பு, சூடான ரொட்டி, நிலக்கரிப் புகை எல்லாம் அதோடு சேர்ந்து குளிர்கால ஜாக்கெட்டில் ஏறிக்கொள்ளும். துவைத்தாலும் போகாது.

அப்புறம் கசாக்கியர்கள் ஜுசான் என்று சொல்லும் செடி, ஆங்கிலத்தில் வார்ம்வுட். கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரியின் தென்கரை வறண்ட பூமி, அங்கே இந்த இனம் மண்டிக் கிடக்கும். சாம்பல் பூத்த இலையைக் கசக்கினால் கற்பூரமும் கசப்பும் சேர்ந்து அடிக்கும், விரலில் சாயங்காலம் வரை நிற்கும். பழைய ரஷ்யக் காலக்குறிப்பு ஒன்றில் கதையே இருக்கிறது. தோற்று ஜார்ஜியாவுக்கு ஓடிய கிப்சாக் என்கிற புல்வெளி நாடோடிகளின் தலைவன் ஓட்ரோக், எதிரியான கீவ் மன்னன் விளாதிமிர் மோனோமாக் 1125-ல் இறந்த பிறகும் ஊர் திரும்ப மறுக்கிறான். தூது வந்த பாடகன் பாட்டுப் பாடியும் பயனில்லை. கடைசியில் புல்வெளிச் செடி ஒன்றை முகரக் கொடுக்கிறான். அழுதுகொண்டே கிளம்பிவிடுகிறான் தலைவன். பெர்ஃப்யூம் கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது அந்தச் செடிதானா? பெர்ஃப்யூம் தொழிலில் புழங்கும் இவ்வகை எண்ணெய், 'ஆர்மோயிஸ்' என்பது, பெரும்பாலும் மொராக்கோவிலிருந்து வருகிறது. ஏமாற்று என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கலப்பது ஒரு கலைதான். பிரான்சின் கிராஸ் வட்டாரத்தின் செடி வளர்ப்பு, மூலப்பொருள் அறிவு, கலக்கும் திறமை மூன்றையும் யுனெஸ்கோ 2018-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, பிரெஞ்சுப் பாதி உண்மையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. மத்திய ஆசியப் பாதி பல நேரம் கதையாகவே நின்றுவிடும். நண்பர் ஒருவர் வாங்கிய இந்த ரகப் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் இசிக்-குல் கரை மாதிரியே இருந்தது, அப்புறம் எல்லா விலையுயர்ந்த சென்ட்டிலும் வருகிற அதே அம்பர் வாடை.

இன்னொன்று. நம் மரிக்கொழுந்து அந்தச் செடிக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஆர்ட்டிமீசியா இனம். தென்னிந்தியாவில் விளையும் அதன் எண்ணெயை 'தவனா' என்ற பெயரில் வெளிநாட்டு பெர்ஃப்யூம்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். பூக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கி முகர்ந்து பாருங்கள்.

சரி, கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஊருக்கு வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே வைக்கும் எஃப்எம்ஜிஇ தேர்வைப் பாஸ் செய்து, இன்டர்ன்ஷிப் முடித்து ஒரு மருத்துவமனைக்கு நேர்முகத்துக்குப் போனேன். சான்றிதழைப் பார்த்தவர், "கிர்கிஸ்தானா? அங்கெல்லாம் காசு கொடுத்தா டிகிரி தருவாங்களாமே" என்று சிரித்தார். பரீட்சை மதிப்பெண்ணைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊர்ப் பெயர் பாட்டில்மேல் இருந்தால் ஐந்திலக்க விலை, என் சான்றிதழில் இருந்தால் இளக்காரம். வெளிநாட்டில் படித்த எல்லோரும் திறமைசாலிகள் என்று நான் வாதாடவில்லை. தேர்வு வைத்துத்தானே எடுக்கிறார்கள், அதைப் பாருங்கள் என்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுப் பாட்டில் வேண்டாம். இரண்டு மில்லி சாம்பிள் விற்பார்கள், அதை வாங்கி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, சென்னை வெயிலோ ஊட்டிக் குளிரோ, நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு நாள் முழுக்க நடமாடுங்கள். கலந்தவர் பெயரைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்கிறதா என்றும் பாருங்கள். சாயங்காலமும் பிடித்திருந்தால் வாங்குங்கள். பரிசுக்கு என்றால், கொடுக்கப்போகிறவரின் மணிக்கட்டில் போட்டுப் பாருங்கள், உங்கள் கையில் வேண்டாம்.