நெகிழ்வான கற்றல் பாதை என்றால் என்ன? கடல்தொழில் செய்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஒரு தொழிலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நேரம் வாய்க்கும்போது ஒவ்வொன்றாகப் படித்துச் சேர்த்துக்கொள்வதுதான் இது. வலை கிழிந்தால் முழுவதையும் புதிதாகவா பின்னுகிறோம்? அறுந்த கண்ணிகளை மட்டும் பொத்துகிறோம். அப்படித்தான், தெரியாததை மட்டும் படித்தால் போதும்.

பாம்பன், மண்டபம் விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் பழுதுபார்ப்பை அப்போது தொடங்கலாம். முதலில் குளிர்நீர்ப் பாதை: உப்பு படிந்து அடைத்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். ஓட்டிய பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதே அங்கு முதல் பாடம். அடுத்து கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக். இடையில் கைப்பழக்கம் விட்டால் படித்தது நிற்காது. அதுதான் இந்த முறையின் பெரிய ஆபத்து.

இதைத் தேர்வில்லாத சுலபப் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படியில்லை. படித்ததைக் கிரெடிட் என்னும் அலகுகளாகக் கணக்கிடும் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல் கணக்கு. மதிப்பீட்டில் தேறினால்தான் அது கிடைக்கும்.